கிளட்ச் இல்லாத வண்டி

எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததையெல்லாம் பாசம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த லாரியை ஷெட்டிலிருந்து வெளியே இழுக்கவைத்தது அலுப்புதான்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கை ஆறு மாதத்தில் திரும்பியது. கால் முழுசாகத் திரும்பவில்லை. நடப்பார், இடது காலை இழுத்து இழுத்து. அன்றிலிருந்து கூடத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலி, அதில் அவர். நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதில் இருப்பார். சாயங்காலம் கதவைத் திறந்தால் அதே நாற்காலி, அதே பனியன், காலையில் விட்ட அதே பேச்சின் மிச்சம். நான் பகல் முழுக்க வண்டி உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நின்றுவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, அவருக்கு மாத்திரை கொடுத்து, அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுத்தால், என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இந்த நிலைமையில்தான் மரமில்லுக்காரர் கடைக்கு வந்தார். மில்லிலிருந்து பெட்டி செய்கிற தொழிற்சாலைக்குப் பலகை கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தார். நாலு கிலோமீட்டர் தூரம், காலையில் இரண்டு மூன்று நடை, அவ்வளவுதான். "உங்க வீட்டுக்காரர் ஓட்டுவார்னா அவருக்கே தர்றேன். மனுஷன் ஒரு நாள்கூட லோடைச் சிந்தினதில்ல. ஆனா மாசக் கடைசிக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும்" என்றார். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். நான் கவுன்டர் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு, வீட்டில், யாரும் இல்லாத அந்தக் கூடத்தில், அந்த நாற்காலியிலேயே உட்கார வேண்டும். வேறு ஒரு ஆசையும் இல்லை.

வண்டி இருந்தது. சாலைத் துறை ஏலத்தில் விட்டதை அவர் எடுத்து வைத்திருந்த பழைய லாரி. விழுந்த நாளிலிருந்து ஷெட்டில் கிடந்தது. கியர்பாக்ஸ் அதற்கு முன்பே போய்விட்டது.

அவருடைய தம்பி மெக்கானிக். ஊரில் அவனுக்கு அரைநாள் என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் "அரைநாள் வேலை" என்பான், பதினைந்து நாள் வைத்துக்கொள்வான். ஆனால் கையில் வேலை சுத்தம். வண்டியைத் தன் பட்டறைக்குக் கட்டியிழுத்துப் போனான். கீழே படுத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான்.

"அண்ணி, இது என்ன வண்டின்னே தெரியல. கேபின் ஒண்ணு, சேஸ் ஒண்ணு, இன்ஜின் வேற ஒண்ணு. ஆர்.சி. புக்குல எழுதியிருக்கறது நாலாவது ஒண்ணு."

"இன்ஜின் நம்பரைப் பாத்தியா?"

"எங்க பாக்கறது? நாலு கோட்டு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான் மகராசன்."

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் கவுன்டரில் நின்றதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வருகிறவன் வாயை நம்பக்கூடாது. "அந்த மாடல் பேரிங் குடுங்க" என்பான். வண்டி அந்த மாடலாக இருக்கும், பேரிங் வேறு எதிலிருந்தோ போட்டதாக இருக்கும். மாட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து என்னோடு சண்டை பிடிப்பான். அதனால் யார் வந்தாலும் "பழசைக் கழட்டிக் கொண்டு வாங்க" என்பேன். பொட்டலத்தைப் பிரித்து, துடைத்து, அளந்து, பல் எண்ணி, அதற்கப்புறம்தான் அலமாரிப் பக்கம் திரும்புவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர். ஆனால் என் கையிலிருந்து போன சாமான் திரும்பி வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் நானே இன்ஜினுக்குப் பக்கத்தில் குந்தினேன். மண்ணெண்ணெய், வயர் பிரஷ், பழைய துணி. எண்கள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், டீசல் பம்புக்குப் பின்னால், உள்ளங்கையளவு இடத்தில். பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்ததும் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தேன். வெள்ளையாக ஒன்பது எண்கள் எழுந்தன. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே சொன்னேன்: "இது டவுன் பஸ் இன்ஜின்."

அரைநாள் வாயைப் பிளந்தான். "சாலைத் துறைக்காரன் எங்கேருந்து எடுத்துப் போட்டானோ!"

"அத விடு. இதுக்கு என்னென்ன கியர்பாக்ஸ் பொருந்தும், சொல்லு."

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அரைநாள் விரல் விட்டுச் சொன்னான். பழைய நாலு கியர் பாக்ஸையே பிரித்துச் செய்யலாம். செலவு குறைவு, ஆனால் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதித்தால்தான் விழும்.

"ரெண்டு தடவையா? இந்தக் கால வச்சுக்கிட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

சரி, புது வண்டியின் ஐந்து கியர் பாக்ஸ். ஒரே மிதிதான், அதுவும் லேசாக இருக்கும்.

"லேசோ கனமோ, மிதிக்கணும்ல? டிராஃபிக்ல நூறு தடவை மிதிக்கணும். கால் மரத்துப்போச்சுன்னா?"

இப்படியே எதைச் சொன்னாலும் தட்டிக்கழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட்ட ஆசை இருக்கா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் காலைத் தடவிக்கொண்டே, "ஆசை இல்லாமயா? கால்தானே..." என்றார்.

"அப்ப ஆட்டோமேட்டிக் போடுவோம். டவுன் பஸ் இன்ஜின்தானே? அந்த பஸ்ல பாதிக்கு ஆட்டோமேட்டிக்தான் இருந்துச்சு. அதே இன்ஜின், பாக்ஸ் மாட்டற வாயும் அதேதான். கிளட்சே கிடையாது. வலது கால் மட்டும் போதும்."

அரைநாளுக்கு ஆட்டோமேட்டிக் என்றாலே ஆகாது. "அண்ணி, அது வண்டியா? ஊஞ்சல்" என்று முனகினான். பின்சக்கரத்துக்குப் போகிற ஜாயின்ட் ஷாஃப்டை வெட்ட வேண்டும், சேஸில் பாக்ஸ் உட்காரும் தாங்கலை நகர்த்த வேண்டும், ஆயில் சூடாகாமல் இருக்க முன்னால் தனி கூலர் வைக்க வேண்டும் என்று அடுக்கினான். கடைசியில் பழக்க தோஷத்தில் "அரைநாள் வேலை" என்றான்.

 வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி ரோட்டில் இறங்க வேண்டுமே என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவருக்கு வரக்கூடிய பயம்தானே, ஓட்டினால் தெளிந்துவிடும்.

கழித்துவிட்ட டவுன் பஸ்களை உடைத்துப்போடும் பழைய இரும்புக் கடை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. போவதற்கு முன் பட்டறையில் ஒரு அட்டையை இன்ஜினின் பின்வாயில் வைத்துப் பிடித்து, ஓரமெல்லாம் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். விளிம்பும் போல்ட் ஓட்டைகளும் அட்டையில் அப்படியே பதிந்தன. பன்னிரண்டு ஓட்டை. இன்ஜினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அட்டையைக் கொண்டுபோகலாம்.

கடைக்காரர் மூன்று கியர்பாக்ஸைக் காட்டினார். முதல் இரண்டும் அட்டைக்கு ஒட்டவே இல்லை. மூன்றாவதன் நெற்றியில் நம்பர் தகடு பளிச்சென்று இருந்தது. நான் தேடிய அதே நம்பர்.

"இதான்மா உங்க சாமான். பஸ்லேருந்து நானே இறக்கினது. பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

அட்டையை வைத்தேன். பதினோரு ஓட்டை பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை.

"ஒரே ஒரு ஓட்டைதானே, டிரில் போட்டுக்கலாம்" என்றார்.

நான் தகட்டைப் பார்த்தேன். பாக்ஸ் முழுக்க முப்பது வருட அழுக்கு. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு ரிவிட்டும் புதுசு. நல்ல பாக்ஸின் தகட்டைக் கழற்றி இதில் அடித்து என் தலையில் கட்டப் பார்க்கிறார். "அண்ணாச்சி, எனக்கே காது குத்தறீங்களா? இந்தத் தகடு எந்த பாக்ஸ்லேருந்து வந்துச்சோ அதைக் காட்டுங்க" என்றேன். அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேசாமல் போய் மூலையிலிருந்த தார்ப்பாயை விலக்கினார். தகடில்லாத மொட்டை நெற்றியோடு ஒன்று கிடந்தது. பன்னிரண்டு ஓட்டையும் பொருந்தின. ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கருகின வாடை இல்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே! வழியெல்லாம் அரைநாளிடம் ரிவிட் கதையையே சொல்லிக்கொண்டு வந்தேன். என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். வாய் கொழுப்பு, வேறென்ன.

அரைநாள் பதினேழு நாள் எடுத்துக்கொண்டான். ஷாஃப்டை லேத்தில் கொடுத்து வெட்டினான். தாங்கலுக்கு வெல்டிங் வைத்தான். கூலருக்கு பம்பருக்குப் பின்னால் இடம் கண்டுபிடித்தான். கடைசியாகக் கிளட்ச் பெடலைக் கழற்றினான். அது இருந்த இடத்தில் தரையில் ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது, அதற்கும் ஒரு தகடு அடித்தான். நான் தினமும் கடை முடிந்து பட்டறைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொள்ளும்போது உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குகிறது. அதற்கப்புறம்தான் கணக்குத் தீர்க்கிறது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டி உறுமியது. அன்று மதியம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்காரரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, தானே ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்தார். அவரை அங்கே பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டறை வாசலுக்கு இடது பக்கம் திரும்பி வெளியேற வேண்டும். இடது சுவரோரம் காலி டிரம்கள் அடுக்கியிருந்தன. அரைநாள் அவற்றுக்கு முன்னால் நின்று கையசைத்து வழி காட்டினான். நான் கேட் பக்கம் எதிரே நின்றேன். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. ஆளுக்கேற்ற பாக்ஸ் என்று நினைத்தேன். அவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார்.

"போதும், போதும்ணே!" என்று அரைநாள் கையைக் காட்டினான். வண்டி நிற்கவில்லை. "அண்ணே! நில்லு! நில்லுண்ணே!" இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினான். டீசல் இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காமல் போகலாம். ஆனால் ஆள் முழுசாக பம்பருக்கு முன்னால் நிற்கிறான், வீட்டுக்காரரோ நிதானமாக, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அவன் மேலேயே வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறார். நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. அரைநாள் டிரம்களின் மேல் தாவினான். டிரம்கள் சரிந்தன. அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் பிரேக் போட்டார். பம்பருக்கும் டிரம்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அரைநாளின் ஒரு செருப்பு சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

"என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார் வீட்டுக்காரர், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து.

நான் ஓடிப்போய் இடது கதவைத் திறந்து ஏறினேன். திட்டத்தான் ஏறினேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பாமல் நேரே கேட்டையே பார்த்துக்கொண்டு, "எங்கே போனே?" என்றார். நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கையை நீட்டி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"இது எத்தனை விரல்?"

"எது?"

"என் கைங்க."

 அவர் கழுத்தை முழுசாகத் திருப்பினார். அப்போதுதான் என் கை அவருக்குத் தெரிந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பதையும் பார்த்துவிட்டார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்தே." இன்ஜினை அணைத்தார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்காம். தலைக்குள்ளதான் கெட்டுப்போச்சாம். இடப்பக்கம் பாதி இல்ல. இருட்டுகூட இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். கால்னா பரவால்ல. கால் என்னைக்காவது சரியாகும்னு நீ நெனச்சுக்கிட்டு இருப்பே."

இரண்டு வருடமாகத் தட்டில் இடது பக்கம் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுவார். என் சமையல் இறங்கவில்லை என்று நான் எத்தனை நாள் பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன். அவரும் "பசிக்கல" என்று பொய் சொல்லி என் கோபத்தை வாங்கிக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. நாற்காலியைச் சுவரோரம் போடச் சொன்னதும் அவர்தான். இடது பக்கத்திலிருந்து யாரும் வந்து நிற்க முடியாத இடம்.

"இவ்ளோ தூரம் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே? தம்பி செத்திருப்பான்!"

"ஒவ்வொண்ணா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். நீ விடல. கிளட்சே இல்லாத பாக்ஸைக் கொண்டாந்து வச்சிட்டே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? ஒருவேளை ரோட்டுல இறங்கினா கண்ணு பழகிடும்னு நெனச்சேன்." அவர் குரல் உடைந்தது. "தம்பி எங்க? அடிபட்டுடுச்சா?"

"முழங்கால்தாண்ணே, ஒண்ணுமில்ல" என்று கீழேயிருந்து அரைநாள் சொன்னான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஊரில் ஒருத்தன் வாய்ப்பேச்சையும் நம்பாதவள், ரிவிட்டைப் பார்த்தே பாக்ஸைக் கண்டுபிடித்தவள், வீட்டில் ஒரு மனுஷன் "கால்தானே" என்று சொன்னதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் தப்பான இடத்துக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவரைப் பார்க்கவில்லை. அலுப்பில் யார் பார்க்கிறார்கள்?

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் மரமில்லிலிருந்து ஆள் வந்து, வண்டி எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனான். அரைநாளுக்குப் பட்டறை இருக்கிறது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் அந்த நாலு கிலோமீட்டர் வாடகை அவனுக்கே சரியாகப் போய்விடும்.

"வித்துடலாம்" என்றேன்.

"நீ ஓட்டு" என்றார் நாற்காலியிலிருந்து.

"என்ன?"

"கடை வேன நாலு வருஷம் ஓட்டினவதானே? கியர் இல்ல, கிளட்ச் இல்ல. பெரிய லைசென்ஸ் மட்டும் எடுத்தா போதும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "நான் உக்காரணும்னுதாங்க அந்த வண்டியையே எழுப்பினேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நின்றபடியே அழுதேன். அவர் எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து, என் தோளில் கை வைத்து, "தெரியும்" என்றார்.  அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

லைசென்ஸுக்கு ஒன்றரை மாதம் ஆனது. மில்லுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார். இப்போது காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கிறேன். எட்டரைக்கு நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறேன். வேலை குறையவில்லை. ஒன்று கூடியிருக்கிறது. அவர் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், போகிறார், என்னோடு. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறார்.

முதல் நாள் மில் வாசலில் பலகை லோடோடு நின்றோம். மெயின் ரோட்டில் ஏற வேண்டும். வண்டியின் நீளம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"இடது பக்கம் யாராச்சும் இருக்காங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் அல்ல, இடுப்பிலிருந்து உடம்பு முழுவதையும் இடது பக்கம் திருப்பினார். ரோட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை.

"யாரும் இல்ல. போ."

நான் கிளம்பவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கண்ணாடியைச் சரி செய்வதுபோல எம்பி, இடது பக்கத்தை நானே ஒரு தடவை பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாரு. தினமும் இப்படியே பாரு. நான் சொன்னேன்னு கிளம்பிடாத" என்றார்.

சரி என்றேன். அன்று இரண்டு நடை அடித்தோம்.